முதல் வீட்டோடு திரும்புகிறவன்

அந்த மூன்று நிரல் வரிகளை அலுவலகத்தில் அறியாதவர் இல்லை. ஜவாத் அவற்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, காப்பி இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தான். ரமலான் பிறந்ததிலிருந்து இயந்திரத்துக்கு ஓய்வு. தாள் மட்டும் பகலெல்லாம் வேலை பார்த்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பசித்த வயிற்றோடு ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

வரிகள் சொல்வது இவ்வளவுதான்: பட்டியலில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடு, எடுத்ததைத் திருப்பிக் கொடு. கணினி நிரலில் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த வேலை அதோடு முடிந்தது. ஆகவே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டிய அந்த லூப் ஒரு தடவைக்கு மேல் சுற்றாது. பட்டியலில் எத்தனை இருந்தாலும் முதலாவதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும்.

“தெருவுல எல்லா வீட்டுக்கும் போய் ஹரீரா சூப்பு வாங்கிட்டு வாடான்னு அனுப்பினா, முதல் வீட்டுக் கிண்ணத்தோட திரும்பி வந்து நிக்கிற ஆளு இவன்” என்று ஜவாத் சொல்வான். “ஏன்டா ஒண்ணுன்னு கேட்டா, ‘ஒவ்வொரு வீடா’ன்னுதானே சொன்னீங்க, ஒரு வீடு ஆச்சு, வந்துட்டேன்னு சொல்வான்.”

யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. திரையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாக எழுதியவர் பெயர் வரும். இந்த வரிகளுக்குப் பக்கத்தில் ‘அலுவலகம்’ என்று மட்டும் இருந்தது. நிறுவனம் ஓர் அறையில் தொடங்கிய காலத்தில் எல்லாரும் அந்தப் பொதுப் பெயரில்தான் எழுதினார்கள். இப்போதும் சோதனைத் தவணையில் இருப்பவர்களுக்கு அதே பெயர்தான். வேலை உறுதியானால்தான் சொந்தப் பெயரில் கணக்கு கிடைக்கும்.

பஹீஜா மூன்று மாதமாக ‘அலுவலகம்’ என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தேழு. கல்யாணத்துக்கு முன் தாஞ்சியர் நகரில் நல்ல வேலையில் இருந்தவள். இடையில் எட்டு வருஷம் வீட்டில் போயிற்று. பிறகு மணவிலக்கு, மகள் ஹிபாவோடு தெத்துவான் நகரில் தம்பி யூனுஸ் வீட்டுக்கு வந்தாள். தம்பி மனைவி நவால் நல்லவள். ஆனால் நல்லவளுக்கும் சமையலறை ஒன்றுதான். பஹீஜா துடைத்து வைத்த பாத்திரத்தை அவள் ஓசைப்படாமல் எடுத்து வேறு இடத்தில் வைப்பாள். பஹீஜாவுக்குச் சாவியோடு ஒரு கதவு வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் லல்லா ருக்கையாவின் மாடியில் இரண்டு அறைகள் காலியாக இருந்தன.

“வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு சொல்லு, சாவியைக் குடுத்துடறேன்” என்றிருந்தாள் லல்லா ருக்கையா. “ஆனா பெருநாளுக்கு முன்னாடி சொல்லிடணும். பெருநாளன்னிக்கு என் தங்கச்சி மருமகன் அறை கேட்டு வந்து நிப்பான். அவன் முகத்தைப் பாத்து இல்லேன்னு என்னால சொல்ல முடியாது.”

அவளுடைய சோதனைத் தவணையும் ரமலானோடுதான் முடிகிறது. உரிமையாளர் ஸி அன்வர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நோன்பு நாளில் மதியத்துக்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது அலுவலகத்தில் எழுதப்படாத விதி. சிகரெட் இல்லாத பகல் அவருக்கு அலுவலகம் மூடும் மூன்று மணியோடு முடிவதில்லை. காலையில் கேட்டால், “பாப்போம், லல்லா” என்பார். ஆணுக்கு ‘ஸி’, பெண்ணுக்கு ‘லல்லா’ என்ற மரியாதைக்கு மட்டும் அவரிடம் குறைவில்லை.

அந்த லூப் இருந்தது மருந்துக்கடைக்காரர் சங்கத்துக்காக நிறுவனம் செய்து கொடுத்த செயலியில். இன்று எந்தப் பேட்டையில் எது முறைக் கடை, ராத்திரியிலும் விடுமுறையிலும் எந்தக் கதவைத் தட்டலாம் என்று அது சொல்லும். முறை வரிசையைச் சங்கத்தின் சார்பில் ஸி அப்துல் இலாஹ் பதிவேற்றுவார். அவரும் ஒரு மருந்துக்கடைக்காரர்தான். பெருநாள் கழிந்ததும் செயலியைப் புதுப்பிக்க வேண்டும் என்று சங்கம் கேட்டிருந்ததால், பழைய நிரலைச் சுத்தம் செய்யும் வேலை ரமலானின் நடுவில் பஹீஜாவிடம் வந்தது.

சுவரில் பார்த்த வரிகளை அவள் உள்ளே சந்தித்தபோது ஜவாத் பின்னால் வந்து நின்றான்.

“முதல் வீட்டு சார் இங்கதான் குடியிருக்காரு. மூணு வரியும் வேண்டாம். முதலாவதை எடுன்னு ஒரே வரியில எழுதுங்க.”

“பட்டியல் காலியா இருந்தா?”

“காலியா எதுக்கு இருக்கப் போகுது?”

“ஸி அப்துல் இலாஹ் பதிவேத்த மறந்த நாள்ல காலியாத்தான் இருக்கும். இல்லாத ஒண்ணுல முதலாவதைக் கேட்டா செயலி விழுந்துடும். இந்த லூப் விழாது. சுத்த ஒண்ணும் இல்லேன்னா பேசாம வெளிய வந்துடும்.”

ஜவாத் திரைப் பக்கம் குனிந்தான். “அப்ப ஆளு முட்டாள் இல்லேங்கறீங்க.”

“பாதி முட்டாள்” என்றாள் அவள்.

அன்று அவளுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை பேர் சிரித்த இடத்தில் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்த திருப்தி. அந்த நியாயத்தைக் காப்பாற்றிக்கொண்டே மற்ற பாதியைத் திருத்தினாள். பட்டியல் காலி என்றால் ஒன்றும் காட்டாதே. ஒன்றிருந்தால் ஒன்றைக் காட்டு. பல இருந்தால் எல்லாவற்றையும் காட்டு. போன வருஷத்து நாள்களை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு பேட்டைக்கு ஒரு நாளில் ஒரு முறைக் கடைதான். பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே விடையைத் தந்தன. ‘இதுவரை முதலாவது மட்டுமே கிடைத்தது, இனி எல்லாம் கிடைக்கும்’ என்று குறிப்பு எழுதி ஸி அன்வருக்கு அனுப்பினாள். அவர் அதை வெகுநேரம் திறந்து வைத்திருந்தார். பிறகு, “சரி, போட்டுடுங்க” என்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

நோன்பு இருபத்தொன்பது. சாயங்காலம் பிறை தெரிந்தால் நாளை பெருநாள், தெரியாவிட்டால் நாளையும் நோன்பு. அலுவலகத்தில் பாதிப் பேர் அரை மனதாக விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். “நாளைக்குப் பாப்போம், இல்லேன்னா பெருநாள் வாழ்த்துகள்” என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். பஹீஜாவால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாளை பெருநாளானால் லல்லா ருக்கையா குறித்த கெடு இன்றோடு சரி.

மூன்று மணிக்கு அலுவலகம் மூடுவார்கள். இரண்டு மணிவாக்கில் ஸி அப்துல் இலாஹ் போன் செய்தார்.

“லல்லா பஹீஜா, என்னம்மா ஆச்சு உங்க செயலிக்கு? நாளைக்கு எங்க பேட்டையில ரெண்டு கடை காட்டுதே.”

“ரெண்டு பேர் போட்டிருக்கீங்களா?”

“போடாம? இன்னிக்கு இருபத்தொன்பது இல்லையா?”

அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவர் நிதானமாகச் சொன்னார். நாளை நோன்பானால் வழக்கமான முறை. பெருநாளானால் அது செல்லாது. முறைக்காரர்களில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், ஊரில் இருப்பவர்கள் பெயர் கொடுத்து வேறு வரிசை போடுவார்கள். அறிவிப்பு வருவதோ நோன்பு திறந்த பிறகு. அதற்குப் பின் உட்கார்ந்து ஊர் முழுவதற்கும் பதிவேற்ற முடியுமா? ஆகவே வருஷா வருஷம் மதியமே இரண்டு வரிசையையும் ஏற்றிவிடுவார், பெருநாள் வரிசை மேலே, நோன்பு வரிசை கீழே. பிறை தெரியவில்லை என்று அறிவித்தால், கீழே இருப்பதை விரலால் இழுத்து மேலே போடுவார்.

“மேல இருக்கிறதுதான் ஜனங்களுக்குத் தெரியும். கீழ இருக்கிறது தெரியாது. அப்படித்தானே நீங்க செஞ்சு குடுத்தீங்க?”

பஹீஜா தலையை நிமிர்த்தினாள். எதிர்ச் சுவரில் அந்தத் தாள் தெரிந்தது.

“வேண்டாததை நீக்கிட முடியாதா, ஸி அப்துல் இலாஹ்?”

“நீக்கணும்னா சங்கத் தலைவரும் ஒத்துக்கிட்டு அமுக்கணும். ஒருத்தர் தெரியாம ஒரு மாசத்து முறையை அழிச்சதுலேர்ந்து அப்படி. பிறை பாக்குற அன்னிக்கு அந்த மனுஷன் போனையே எடுக்க மாட்டாரு. மறுநாள் காலையிலதான் நீக்குவோம்.”

அதனால்தான் பழைய நாள்களில் இரட்டைப் பதிவு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

“இப்பவே மூணு பேர் கேட்டாச்சு” என்றார் அவர். “ஒருத்தர் வீட்டுல இன்சுலின் இன்னிக்கு ராத்திரியோட தீருது. எந்தக் கடைன்னு கேக்கிறாரு. பெருநாள்னா எங்க கடை, நோன்புன்னா மலைப் பக்கத்துக் கடை. அவருக்கு நான் சொல்லிட்டேன். எல்லாரும் எனக்குப் போன் பண்ண முடியுமா?”

போனை வைத்ததும் ஜவாத் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். பாதி அவன் காதிலும் விழுந்திருந்தது.

“இதுல உங்க தப்பு என்ன இருக்கு? ரெண்டையும் காட்டிட்டுப் பக்கத்துல எழுதிடலாம். பெருநாள்னா இது, நோன்புன்னா இது. பத்து நிமிஷ வேலை. யாருக்கும் சொல்லக்கூட வேண்டாம்.”

அது கெட்ட யோசனை இல்லை. அப்படிச் செய்தால் அவள் திருத்தியது திருத்தியதாகவே நிற்கும். மூன்று மணிக்கு ஸி அன்வரின் அறைக்குள் தலை நிமிர்ந்து போகலாம். அவள் ஸி அப்துல் இலாஹைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“எழுதலாம்மா. ஆனா நாளைக்கு விடியக்காலையில பிள்ளைக்குக் காய்ச்சல்னு எழுந்து பாக்கிறவன் படிச்சுக்கிட்டா இருப்பான்? பேரைப் பாத்ததும் ஓடுவான். அவனுக்கு ஒரு கதவு வேணும். நம்ம சந்தேகத்தை எதுக்கு அவன் தலையில கட்டணும்? அதைத் தீத்து வைக்கத்தான் நான் இருக்கேன்.”

பஹீஜா எழுந்து ஸி அன்வரின் அறைக்குப் போனாள். அவர் அணைந்த லைட்டரை மேஜையில் நிறுத்துவதும் சாய்ப்பதுமாக இருந்தார். நோன்பில் அவர் கைக்கு அதுதான் தீனி.

“ஸி அன்வர், அந்த லூப்பைத் திருப்பி வைக்கணும்.”

“எந்த லூப்?”

“சுவத்துல ஒட்டியிருக்கிறது.”

அவள் நடந்ததைச் சொன்னாள். தன் சோதனையில் எது விடுபட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். லைட்டர் நின்றது நின்றபடி இருந்தது.

“அது தப்பா எழுதினது, லல்லா.”

“தெரியும்.”

“இல்ல, உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எழுதினது நான்.” அவர் சிரிக்கவில்லை. “எல்லாத்தையும் சேத்துட்டுக் கடைசியில குடுன்னுதான் எழுத வந்தேன். அவசரத்துல அந்த ‘குடு’வை லூப்புக்கு உள்ள வச்சுட்டேன். எப்பவும் ஒண்ணுதானே இருக்கும், யாருக்கும் தெரியல. ஜவாத் கண்டுபிடிச்சுச் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சுட்டேன். நீங்க திருத்திட்டீங்கன்னதும், அப்பாடா, தொலைஞ்சதுன்னு இருந்துச்சு. ஏன்னு கேக்கவே தோணல.”

“நீங்க தப்பாத்தான் எழுதினீங்க. ஆனா அது மேல ஸி அப்துல் இலாஹ் வீடு கட்டிக் குடியிருக்காரு. அதுதான் சட்டம்னு நினைச்சு ஊருக்கே வழி சொல்லிட்டு வர்றாரு.”

“ஜவாத் சொல்ற மாதிரி பக்கத்துல எழுதினா?”

அவர் கேட்டது வாசலில் நின்ற ஜவாதுக்கும் கேட்டது. “அதைத்தான் நானும் சொன்னேன்” என்றான். “இல்ல, முதலாவதை மட்டும்தான் காட்டணும்னா, அதையாவது ஒழுங்கா எழுதலாமே. அந்த அசிங்கத்தை அப்படியே திரும்ப வைக்கணுமா?”

“பெருநாள் கழிச்சு ஒழுங்கா எழுதலாம்” என்றாள் பஹீஜா. “இன்னிக்கு நான் புதுசா ஒரு வரி எழுத மாட்டேன். ஒரு தடவை அழகா எழுதினேன், என்ன ஆச்சுன்னு இப்ப பாத்துட்டோம். அந்த வரி அஞ்சு ரமலானைத் தாண்டி வந்திருக்கு. என் வரி ஒண்ணைக்கூடத் தாண்டல.”

ஜவாத் தன் மேஜைக்குத் திரும்பிப் போனான்.

ஸி அன்வர் லைட்டரைச் சாய்த்தார். “செய்யுங்க. ஏதாச்சும் ஆனா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.”

அவள் போகவில்லை. கேட்கக் கூடாத நேரம் என்று தெரிந்தும் கேட்டாள். “என் விஷயம்? வீட்டுக்காரம்மாவுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்.”

“நாளைக்குப் பெருநாளா இல்லையான்னே ஊருக்குத் தெரியல. உங்க விஷயத்தையும் அதோட வச்சுக்குங்க” என்றார் அவர். வேடிக்கையாகச் சொன்னாரா என்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

பஹீஜா தன் இடத்துக்கு வந்து, தான் எழுதியதை எடுத்துவிட்டுப் பழைய மூன்று வரிகளை வைத்தாள். செயலியைத் திறந்து பார்த்தாள். ஸி அப்துல் இலாஹின் பேட்டையில் நாளைக்கு அவர் கடை மட்டும் தெரிந்தது. அவருக்குச் சொன்னாள். “இப்ப சரி” என்றார் அவர். நடுவில் ஏதோ நடந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

வழக்கமாக லல்லா ருக்கையாவின் வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவாள். அன்று அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

நோன்பு திறக்கும் சங்கு ஊதி, பாங்கு கேட்டு, பேரீச்சம்பழமும் ஹரீராவும் ஆன பிறகு யூனுஸ் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். நவால் நாளைக்குச் சுட வேண்டிய பலகாரங்களின் மாவைத் துணி போட்டு மூடி, இன்றே அடுப்பில் ஏற்றுவதா வேண்டாமா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிபா பெருநாள் சட்டையை மடியில் வைத்திருந்தாள். ஊரில் எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் ஏதோ ஒன்று பாதி மூடிப் பாதி திறந்து இருந்திருக்கும். பஹீஜாவின் மடியில் போன் திறந்திருந்தது.

“வீட்டுக்குள்ளயே பிறை பாக்கிறியா, அக்கா?” என்றான் யூனுஸ்.

அறிவிப்பாளர் வழக்கமான வாசகங்களை வழக்கமான வேகத்தில் படித்துக் கடைசியில் சொன்னார். நாட்டின் எந்தப் பகுதியிலும் பிறை தென்படவில்லை. நாளை ரமலான் முப்பது.

ஹிபா சட்டையைச் சோபாவில் எறிந்தாள். நவால், “நல்லதாப் போச்சு, மாவு இன்னும் பொங்கட்டும்” என்று உள்ளே போனாள். பஹீஜா திரையைத் தொட்டாள். அப்துல் இலாஹின் கடைதான் இருந்தது. திரும்பத் தொட்டாள். அதே கடை. ஊரின் ஏதோ ஒரு மாடியில், அவரும் இன்னும் சூப்புக் கிண்ணத்தின் முன்னால் இருக்கக்கூடும். கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கலாம். எவ்வளவு மெல்லிய நூலில் இது தொங்குகிறது என்று நினைத்தாள். ஐந்து வருஷமாக ஒருவர் தவறாமல் விரலை வைத்து இழுத்திருக்கிறார். அந்த நூல் அறுந்ததே இல்லை. அவள் கை வைத்த வருஷத்தில்தான் அறுந்திருக்கும்.

மூன்றாம் முறை தொட்டபோது அவர் பெயர் போய் மலைப் பக்கத்துக் கடையின் பெயர் வந்தது. ஒரே ஒரு பெயர்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கையில் போன் அதிர்ந்தது. ஸி அன்வரின் செய்தி. முதல் சிகரெட் முடிந்திருக்க வேண்டும்.

‘பார்த்தேன். சரியாக மாறிவிட்டது. நாளை வேலை நாள். உங்கள் பெயரில் கணக்கு திறந்திருக்கிறேன். அந்த லூப்புக்கு மேலே காரணத்தை எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டது அதுதான்.’

பஹீஜா இரண்டு முறை படித்தாள். பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பக்கத்துத் தெருவுக்குப் போனாள். லல்லா ருக்கையா கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “பிறை உனக்காகத்தான் ஒளிஞ்சுக்கிச்சா?” என்றாள். சாவி கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது.

மறுநாள் காலை, முப்பதாம் நோன்பின் சோர்வில் அலுவலகம் பாதி காலியாக இருந்தது. பஹீஜா தன் பெயரில் முதன்முறையாக உள்ளே நுழைந்து, அந்த வரிகளுக்கு மேலே எழுதினாள்: ‘இது தவறாக எழுதப்பட்டது, யோசிக்காமல் திருத்த வேண்டாம். நோன்பு இருபத்தொன்பதில் நாளைக்கென்று இரண்டு வரிசைகள் இருக்கும். மேலே உள்ளதை மட்டும் காட்ட வேண்டும். எது மேலே என்பதைப் பிறை அறிவிப்புக்குப் பின் சங்கத்தில் ஒருவர் முடிவு செய்கிறார். காலியாக இருந்தாலும் இது விழாது.’ கோணலாக நின்ற வரிகளின் இடைவெளிகளையும் நேராக்கிச் சேமித்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜவாதின் மேஜையிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

“லல்லா, இங்க வந்து பாருங்க.”

மூன்று வரிகளுக்கும் பக்கத்தில் இருந்த ‘அலுவலகம்’ போய்விட்டிருந்தது. கடைசியாகத் தொட்டவர் பெயர்தானே வரும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘பஹீஜா’ என்று இருந்தது.

“இனிமே புதுசா வர்றவன் எவனும் உங்களைப் பாத்துத்தான் சிரிப்பான்” என்றான் ஜவாத். “உங்க பேர்ல முதல் வேலையே இதுதானா?”

“மேல எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டுச் சிரிக்கட்டும்.”

“எவன் படிக்கிறான்?”

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஜவாத் எழுந்து போய்ச் சுவரிலிருந்த தாளின் ஓரத்தைப் பிடித்தான். “கிழிச்சுடட்டுமா?”

“விடு” என்றாள் அவள். “அடியில கொஞ்சம் இடம் இருக்கு பாரு. என் பேரை அங்க எழுது.”

ஜவாத் பேனாவைத் தேடினான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸி அன்வர் அந்தத் தாளைப் பார்த்தபடி லைட்டரை மேஜையில் நிறுத்தினார். அது சாயவில்லை. அவரே விரலால் தள்ளிச் சாய்த்தார்.